வான்கோழி எலும்பைத் தூக்கி எறியாதீர்கள்

விருந்து முடிந்ததும் வான்கோழியின் எலும்புக்கூட்டைக் குப்பையில் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது. ருசியே அதில்தான் இருக்கிறது!

இன்று நூடுல்ஸ் சூப் செய்ய அதை உடைத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டு, மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். வெங்காயம், கேரட், செலரி, பிரிஞ்சி இலை, கொஞ்சம் மிளகு. தளதளவென்று கொதிக்க விட்டால் சாறு கலங்கிவிடும். சிறு தீயில் 3 மணி நேரம், அவ்வப்போது நுரையை எடுத்துவிட்டு. மூட்டுகளில் உள்ள கொலாஜன் என்ற புரதம் மெல்லக் கரைந்து ஜெலட்டினாகிறது. வடிகட்டிய சாறு ஆறிக் குளிர்ந்ததும் ஜெல்லி போல உறைந்து நின்றால் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள். உப்பு கடைசியில்தான்; வறுத்த பறவையிலேயே அது ஏற்கெனவே இருக்கும்.

நூடுல்ஸையும் வீட்டிலேயே செய்யலாம். 100 கிராம் மைதாவுக்கு ஒரு முட்டை, சிட்டிகை உப்பு. பிசைந்து அரை மணி நேரம் மூடிவைத்தால்தான் தேய்க்கும்போது மாவு பின்வாங்காது. மெல்லியதாகத் தேய்த்துக் கத்தியால் நறுக்குங்கள். கோணலாக வந்தால் வரட்டும், யார் அளந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் தனியாக வேகவையுங்கள். சாற்றிலேயே ஊறவிட்டால் மறுநாள் சூப் இருக்காது, கூழ்தான் இருக்கும்.

சூப்பில் போடும் வான்கோழிக் கறி ஏற்கெனவே வெந்தது. நன்றாகச் சூடேறினால் போதும். அதிகம் கொதித்தால் மார்புக்கறி நார் நாராகிவிடும். மிஞ்சியதை 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, 4 நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள்.

எலுமிச்சை பிழியலாமா என்று யாராவது கேட்பீர்கள். தாராளமாக, அடுப்பை அணைத்த பிறகு.