சுடாமல் இறக்கி வைப்பது

ஜனவரி 4, ஞாயிறு

அப்பா இன்று பேரப்பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே வரவே இல்லை. மாப்புக் குச்சியிலிருந்து கழற்றிய கழிதான் இன்றைய ரைபிள்.

அப்பா பல வருடம் கிளப்பில் ஏர் ரைபிள், அதாவது காற்றழுத்தத்தால் சுடுகிற துப்பாக்கி, சுட்டவர். இந்தப் பேச்சை அவர் முதலில் எடுத்தபோது நான் சட்டென்று சரி என்று சொல்லிவிடவில்லை. பெரியவளுக்குப் பன்னிரண்டு, சின்னவனுக்கு ஒன்பது. நானும் கூடவே இருப்பேன், பிள்ளைகளுக்கு என்ன விதியோ அதேதான் உங்களுக்கும், 'எனக்குத் தெரியும்' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது என்றேன். "அப்படித்தாம்மா எனக்கும் சொல்லிக்கொடுத்தாங்க" என்றார்.

ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பரவலாக்கிய நான்கு விதிகளை அப்பா தன் பாணியில் சொன்னார். எந்தத் துப்பாக்கியையும் குண்டு போட்டதாகவே நினை. சுடக் கூடாத எதையும் நோக்கிக் குழல் முனையைத் திருப்பாதே. குறி பார்த்து, சுடலாம் என்று முடிவு செய்கிறவரை விரல் டிரிகருக்கு வெளியே இருக்கட்டும். இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடாதே. எதற்கு நான்கு என்று பெரியவள் கேட்டாள். ஒன்றை மறந்தாலும் மற்றவை காப்பாற்றும், யாருக்காவது அடிபட வேண்டுமென்றால் குறைந்தது இரண்டையாவது ஒரே நேரத்தில் மீறியிருக்க வேண்டும் என்றார் அப்பா. இத்தனை வருடம் அவரோடு இருந்தும் இந்தக் கணக்கை இன்றுதான் கேட்கிறேன்.

சின்னவன் கழியைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். அதன் முனை என் முழங்காலைக் கடந்து அக்காவின் வயிற்றைத் தொட்டுவிட்டுப் போனது. "இப்ப யார் யாரைச் சுட்டே?" என்று கேட்டார் அப்பா. பையன் யோசித்துப் பார்த்து, "அம்மாவை, அக்காவை, அப்புறம் டிவியை" என்றான். மறுபடி எழுந்து, மறுபடி திரும்பி, முனை தரையையோ சுவரையோ தவிர எதையும் பார்க்காமல் கழியை மேஜையில் வைக்கும்வரை விடவில்லை. சாயங்காலம் நான் டிவி ரிமோட்டை எடுத்தால் ரெண்டு பேரும் ஒரே குரலில் "விரல்!" என்று கத்துகிறார்கள்.

ஜனவரி 10, சனி

இன்று கண். கையை நீட்டி, இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் ஒரு சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாக எதிரே இருக்கிற கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடவேண்டும். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் ஓட்டைக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் முந்துகிற கண்.

சின்னவனுக்கு வலது. பெரியவள் எழுதுவது, பந்து வீசுவது எல்லாம் வலது கை, ஆனால் கண் மட்டும் இடது. இப்படி நிறையப் பேர் இருக்கிறார்களாம். வலது தோளில் வைத்துக்கொண்டு இடது கண் முன்னே வந்தால் குறி தள்ளிப்போகும். கண்ணாடியில் மங்கலான டேப் ஒட்டி ஒரு கண்ணை மறைத்துச் சமாளிக்கலாம், அல்லது தோளையே மாற்றலாம். பழக்கம் எதுவும் இன்னும் படியாததால் இடது தோளிலேயே ஆரம்பிக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். ஒரு கண்ணை இறுக்கி மூடுவது மட்டும் வேண்டவே வேண்டாம், முகம் முழுக்க இறுகிக் களைத்துப்போகும் என்றார்.

ஜனவரி 11, ஞாயிறு

கிளப்பில் சுடுகிற இடமான ரேஞ்சுக்குப் போனோம். சுடவில்லை என்பதில் சின்னவனுக்கு ஏக வருத்தம்.

அப்பாவிடம் ஒரு பழைய ஸ்பிரிங் துப்பாக்கி உண்டு. குழலை மடக்கித் திறந்து விசை ஏற்றுகிற வகை. அதில்தான் கற்றுக்கொடுப்பார் என்று நினைத்திருந்தேன். அவரே வேண்டாம் என்றார். மடக்குவதற்கு நல்ல பலம் வேண்டும். குழல் திறந்திருக்கும்போது டிரிகரில் விரல் பட்டுவிட்டால் அது படாரென்று எழும்பி மூடும், நடுவில் விரல் இருந்தால் நசுங்கிவிடும். சுடும்போதும் உள்ளே பிஸ்டன் பாய்வதால் முன்னும் பின்னும் உதறும். கற்கிற பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு? கிளப்பில் சிறுவர்களுக்கென்று காற்று அடைத்து வைத்த உருளையோடு வரும் எடை குறைந்த ரைபிள் இருக்கிறது. போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி. ஒன்பது வயதுத் தோளுக்கு அது ஆகாது. இந்தச் சின்ன ரைபிளைக்கூட ஸ்டாண்டில் தாங்க வைத்துத்தான் பிடிக்கவேண்டும்.

இன்று முழுக்கக் கை மாற்றிக் கொடுப்பதுதான். கொடுக்கிறவர் திறந்து, உள்ளே பார்த்து, "திறந்திருக்கு, காலி" என்று சொல்லவேண்டும். வாங்குகிறவரும் தன் கண்ணால் பார்த்து அதையே சொல்லவேண்டும். அக்கா பார்த்துவிட்டாள் என்பதால் தம்பி பார்க்காமல் இருக்க முடியாது. சுடாத நேரத்தில் குழல் வழியாக ஒரு ஆரஞ்சு நிற நைலான் இழை நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே பெல்லட், அதாவது இதில் போடுகிற சின்ன ஈயக் குண்டு, இல்லை என்பது தூரத்திலிருந்தே எல்லோருக்கும் தெரியவேண்டும் என்பதற்காக. சேஃப்டி பட்டனை அப்பா கடைசியில்தான் காட்டினார். "இருக்கு, போட்டுக்கோ, ஆனா நம்பாதே. இதுவும் ஒரு மெஷின்தான், ஒருநாள் கெட்டுப்போகும்."

ஜனவரி 18, ஞாயிறு

ஒருவழியாகச் சுட்டார்கள்.

பத்து மீட்டர் தூரம். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி, பின்னால் நின்று வேடிக்கை பார்த்த எனக்கும்தான். கண் மருத்துவர்கள் ஏர் துப்பாக்கி என்றாலே முகம் சுளிப்பது சும்மா இல்லை. தோலில் தழும்போடு போகிற அடி, கண்ணில் பட்டால் பார்வையையே எடுத்துவிடும். ஏர் துப்பாக்கியைப் பொம்மை என்று நினைக்கிற பெற்றோர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. துப்பாக்கியே கூடாது என்று சொல்கிறவர்களோடாவது உட்கார்ந்து பேசலாம்.

வளையம் போட்ட அட்டையை அப்பா தரவில்லை. வெறும் வெள்ளைத் தாள். அதன் நடுவில் குறி வைத்து ஐந்து சுடு, எங்கே பட்டாலும் சரி, ஐந்தும் பக்கத்தில் பக்கத்தில் விழுந்தால் போதும். இதைக் குரூப் என்கிறார்கள். குரூப் ஓரமாக இருந்தால், ரைபிள் மேல் குறி பார்க்க வைத்திருக்கிற சைட்டைத் திருப்பி நடுவுக்குக் கொண்டுவந்துவிடலாம், சிதறினால் சுடுகிறவரைத்தான் சரிசெய்யவேண்டும். எண்ணைக் காட்டினால் பிள்ளைகள் எண்ணைத் துரத்துவார்கள் என்பது அவர் கணிப்பு. பிறகு ஆசைக்கு நிஜ அட்டையைக் காட்டினார். ஏர் ரைபிள் அட்டையில் பத்தாம் புள்ளியின் அகலம் வெறும் 0.5 மில்லிமீட்டர், பெல்லட் 4.5 மில்லிமீட்டர். புள்ளியை விடப் பெல்லட் ஒன்பது மடங்கு அகலம். அது புள்ளியைத் தொட்டாலே பத்து. சின்னவன் அட்டையை மூக்குக்கு அருகே கொண்டுபோய்ப் புள்ளியைத் தேடினான்.

வீட்டுப் பின்பக்கம் டப்பாவை வைத்துச் சுடலாமே என்று கேட்டவனுக்குக் கிடைத்தது நீண்ட பதில். ரேஞ்சில் சுடுவது ஈயப் பெல்லட். மென்மையானது, இரும்புத் தகட்டுப் பெட்டிக்குள் போய் நசுங்கி அங்கேயே விழும். கடினமான எஃகுக் குண்டுகள் அப்படியில்லை, கெட்டியான எதில் பட்டாலும் சுட்டவர் முகத்துக்கே திரும்பி வரும். டப்பா வளைவானது, எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாருக்கும் தெரியாது. டப்பாவில் படாமல் போனது எங்கே போய் நிற்கும் என்பதும் தெரியாது.

ஈயம் என்பதால் இன்னொன்றும் உண்டு. ரேஞ்சுக்குள் தின்பண்டம் கிடையாது, பெல்லட்டை வாயில் கவ்விக்கொள்வது கிடையவே கிடையாது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவியாக வேண்டும். அப்பா விரல் இடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்தால் ஆபரேஷனுக்குப் போகிறவர் மாதிரி இருக்கும்.

ஜனவரி 25, ஞாயிறு

அப்பாவுக்குக் காது மந்தம். அதனால் "நிறுத்து" என்று சொன்னால் மட்டும் போதாது, கையையும் உயர்த்திக் காட்டவேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்திருந்தார். யார் வேண்டுமானாலும் சொல்லலாம், சொன்ன அடுத்த நொடி எல்லோரும் விரலை எடுத்துவிட்டு ரைபிளைத் திறந்து கீழே வைத்து ஓர் அடி பின்னால் போகவேண்டும். காரணம் கேட்பதெல்லாம் அதற்கப்புறம்.

இன்று அப்பாவே சுட்டுக்காட்டிக்கொண்டிருந்தார். சின்னவன் திடீரென்று "நிறுத்து!" என்று கத்திக் கையைத் தூக்கினான். அப்பா பாதி அழுத்திய டிரிகரிலிருந்து விரலை எடுத்துவிட்டார். திறந்து வைத்தார், பின்னால் வந்தார். பக்கத்து லேன்களிலும் நிறுத்தினார்கள். கடைசியில் பார்த்தால், பழைய அட்டை ஒன்று கழன்று காற்றில் ஆடியிருக்கிறது, அந்த ஓரத்தில் யாரோ நகர்வது போல இவனுக்குத் தெரிந்திருக்கிறது. நல்ல ஃபார்மில் சுட்டுக்கொண்டிருந்த ஒருவர், "தம்பி, அது வெறும் பேப்பர்" என்று சலித்துக்கொண்டார். பையனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

அப்பா அவனிடம் குனிந்து, "உனக்குச் சந்தேகம் வந்துச்சா? வந்தா சொல்லணும். சரியாத்தான் சொன்னே" என்றார். பிறகு அந்த மனிதர் பக்கம் திரும்பி, மரியாதையாகவே, "பேப்பர்னு இப்பத்தானே தெரியும் சார்" என்றார். அதோடு சரி.

எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. பெரியவர்களைப் பிள்ளைகள் நிறுத்தச் சொல்லலாம் என்று நாம் வேறு எங்கே இடம் கொடுத்திருக்கிறோம்? தப்பான காரணத்துக்கு ஒருமுறை திட்டு வாங்கினால், சரியான காரணம் வருகிறபோது பிள்ளை வாயைத் திறக்காது. அப்பாவிடம் நான் சின்ன வயதில் வாங்கிய திட்டுகளை நினைத்தால் இந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று ஆச்சரியம்தான்.

பிப்ரவரி 1, ஞாயிறு

பெரியவளுக்கு இன்று வளைய அட்டை கிடைத்தது. கிடைத்ததும் சுடுவது மோசமானது. பத்துக்கு நேராக முன் சைட் வருகிற நொடியில் டிரிகரை வெடுக்கென்று பிடுங்குகிறாள், பெல்லட் எங்கோ போகிறது.

அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சொன்னார்: ஆட்டம் நிற்கவே நிற்காது. உலக சாம்பியனுக்கும் முனை ஆடும், நம்மை விடக் குறைவாக, அவ்வளவுதான். கண் முன் சைட்டைத் தெளிவாகப் பார்க்கட்டும், இலக்கு கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. மூச்சைப் பாதி விட்டு, இயல்பாகத் தங்குகிற இடத்தில் நிறுத்து. ஆட்டத்தோடேயே டிரிகரை மெல்ல மெல்ல அழுத்து. சுட்ட பிறகும் ஒரு நொடி அப்படியே பார்த்துக்கொண்டிரு, ஏனென்றால் நீ முகத்தைத் தூக்குகிற அவசரத்தில் பெல்லட் இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கும். பத்து நொடிக்குள் சுட முடியவில்லையா, சுடாதே. பிடித்து வைத்திருக்க வைத்திருக்கப் பார்வை மங்கும், கை இன்னும் நடுங்கும். இறக்கி வை, மூச்சு வாங்கு, மறுபடி எடு.

பிறகு அவரே காட்டினார். தூக்குவார், பார்ப்பார், இறக்குவார். மறுபடி தூக்குவார், இறக்குவார். வயதாகிவிட்டதால் முடியவில்லை போல என்று பெரியவள் என்னைப் பார்த்தாள். கையில் நடுக்கம் இருப்பது உண்மைதான். ஆனால் அப்பா இறக்கி வைத்ததெல்லாம் வேண்டுமென்றேதான். கடைசியில் சுட்டது ஒன்பது.

போட்டியில் 60 குண்டுக்கு 75 நிமிடம் தருகிறார்கள், அவசரப்பட அங்கேயே இடமில்லை என்றார் அப்பா. 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வாங்கிய கதையையும் சொன்னார். ஒரு குண்டுக்கு அதிகபட்சமே 10.9 தான். வழக்கமாக அரைமணி நேரம் ஓடுகிற கதை, இன்று சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ரேஞ்சுக்குப் போகவில்லை, மழை.

சின்னவனின் சிநேகிதன் வந்திருந்தான். தாத்தாவின் துப்பாக்கியைக் காட்டச் சொல்லி நச்சரித்திருக்கிறான். இவன், "எனக்கே சாவி எங்கேன்னு தெரியாது" என்றானாம். உண்மை. ரைபிள் ஒரு பூட்டுக்குள், பெல்லட் இன்னொரு பூட்டுக்குள், சாவி அப்பாவிடம். பிள்ளைகள் விதியை மனப்பாடம் செய்துவிட்டார்கள் என்பதற்காகப் பூட்டைத் தளர்த்துவதாக இல்லை. நல்ல பிள்ளைக்கும் ஆர்வம் வரும், வருகிற சிநேகிதர்கள் எப்படி என்று நமக்குத் தெரியாது. யார் வீட்டிலாவது துப்பாக்கியைப் பார்த்தால் தொடாதே, அந்த அறையை விட்டு வெளியே வா, பெரியவர்களிடம் சொல் என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறோம். கற்றுக்கொண்ட பிள்ளைக்கு இது இன்னும் அவசியம் என்று நினைக்கிறேன், 'எனக்குத்தான் தெரியுமே, காலியா என்று பார்த்துவிடுகிறேன்' என்று கை வைக்கத் தோன்றும்.

மற்றபடி, எந்த சினிமா போஸ்டரைப் பார்த்தாலும் ஹீரோவின் விரல் எங்கே இருக்கிறது என்று இரண்டும் சோதிக்கின்றன. அநேகமாக எல்லா ஹீரோவும் ஃபெயில்.

பிப்ரவரி 15, ஞாயிறு

பெரியவளின் குரூப் ஒரு பொத்தான் அளவுக்குச் சுருங்கிவிட்டது, ஆனால் விழுவது இடது பக்கம் கீழே. சைட்டைத் திருப்ப வேண்டியதுதான். எந்தப் பக்கம் என்று அப்பா சொல்லவில்லை, நீயே கண்டுபிடி என்று விட்டுவிட்டார். முதலில் எதிர்ப்பக்கம் திருப்பினாள், இன்னும் தள்ளிப்போனது. குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ பின் சைட்டும் அந்தப் பக்கமே போகவேண்டும் என்று தானே கண்டுபிடித்தபோது அட்டையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள். அட்டையோடு மட்டும். ரைபிள் திறந்து, ஆரஞ்சு இழையோடு மேஜையில் இருந்தது. அதை நான் பார்த்தேன் என்பதை அப்பாவும் பார்த்தார்.

சின்னவனுக்குச் சுடுவதில் ஆர்வம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. எங்கள் லேனுக்குக் கட்டளை கொடுப்பதில்தான் இப்போது பிரியம். எல்லோர் கண்ணாடியையும் பார்த்துவிட்டுத்தான் "ஆரம்பிக்கலாம்" என்பான். அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மறந்திருந்தால் சொல்லவே மாட்டான், நின்றுகொண்டே இருப்பான். அப்பாவும் அவன் சொல்லாமல் ரைபிளைத் தொடுவதில்லை. சுட விருப்பமில்லாவிட்டால் விட்டுவிடட்டும், கட்டாயம் எதுவும் இல்லை என்று பேசிக்கொண்டோம்.

இப்போதைய தொந்தரவு பெரியவளின் கன்னம். கிளப் ரைபிளின் கட்டை வலது கைக்காரர்களுக்காகச் செதுக்கியது. இடது தோளில் வைத்தால் கன்னம் சரியாக உட்காரவில்லை, சைட்டைப் பார்க்கக் கழுத்தை வளைக்கிறாள், அரைமணியில் வலிக்கிறது என்கிறாள். இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற கட்டை கிளப்பின் ஸ்டோரில் ஒன்று கிடப்பதாக அப்பாவுக்கு ஞாபகம். புதன்கிழமை போன் செய்து கேட்கப்போகிறார். காது மந்தம் என்பதால் பேசப்போவது நான்தான்.