மணையில் அமர்ந்த பேட்டரி

மார்கழி, தை இரண்டு மாதமும் மதுரையில் மகள் வீட்டில் தங்குவதென்று முடிவானதும், கனடாவில் வின்னிபெக்கில் இருக்கும் மைத்துனர் தொலைபேசியில் அழைத்து, "கார் பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிட்டுப் போங்கள் அத்தான்" என்றார். அவர் ஊரில் குளிர்காலத்தில் மைனஸ் முப்பது சகஜம். சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்து உறைந்து பெட்டியே விரிசல் விட்டுவிடுமாம். எங்கள் மூணாறுக் குளிர் பூஜ்யத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிடுகிற குளிர்தான் என்றாலும், ஓடாமல் நிற்கும் காரில் கடிகாரமும் அலாரமும் சொட்டுச் சொட்டாக மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும் என்பதும், சார்ஜ் இறங்கியபடி கிடந்தால் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி வீணாகும் என்பதும் உண்மை.

புறப்படும் நாள் காலையில் பத்தாம் நம்பர் ஸ்பேனருடன் இறங்கினேன். முதலில் கருப்பு நெகட்டிவ், பிறகு சிவப்பு பாசிட்டிவ். வரிசையை மாற்றினால், பாசிட்டிவ் நட்டைத் திருகும் ஸ்பேனர் காரின் உடம்பில் பட்ட மாத்திரத்தில் பொறி பறக்கும். முனையில் பூத்திருந்த பச்சைப் பூவைச் சோடா உப்புக் கரைசலால் துடைத்தெடுத்து, மீட்டரில் முழு சார்ஜுக்கு அடையாளமான 12.6 வோல்ட் பார்த்துத் திருப்தியடைந்து, பேட்டரியைப் பச்சைக் குழந்தையைப் போல வயிற்றோடு அணைத்துத் தூக்கி வந்தேன். (அமிலம் பட்டு, அன்று போட்டிருந்த ஸ்வெட்டரில் இப்போது மூன்று ஓட்டைகள்.)

"மாப்பிள்ளை, தரையில வைக்காதீங்க, சிமெண்டு பவரை இழுத்துடும்" என்றார் அத்தை. ரப்பர்ப் பெட்டிக் காலத்து நம்பிக்கை அது, இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்குத் தரையும் பலகையும் ஒன்றுதான் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் மணை வந்துவிட்டது. பேட்டரி மாப்பிள்ளைக் கோலத்தில் சாமான் அறையில் அமர்ந்தது.

தேனி பஸ்ஸுக்கு எங்களை இறக்கிவிட ஜீப் வந்து ஹாரன் அடித்தபோதுதான், "பெட்டியெல்லாம் நேத்தே டிக்கியில வச்சுட்டேனே" என்றாள் மனைவி. எங்கள் காரின் டிக்கிக்குச் சாவித்துளை கிடையாது. பொத்தானை அழுத்தினால் திறக்கும், அதற்கு மின்சாரம் வேண்டும். பின் இருக்கையை மடக்கிப் புகுந்து எடுக்கலாம் என்று ஜீப் டிரைவர் சொன்ன யோசனையில் நான் இடுப்பு வரை போனேன். அதற்கு மேல் போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. டிரைவர் காலைப் பிடித்து இழுத்தார்.

மறுபடியும் பேட்டரியைச் சுமந்து வந்து, இம்முறை பாசிட்டிவை முதலிலும் நெகட்டிவைக் கடைசியிலும் மாட்டி, டிக்கியைத் திறந்து, பெட்டிகளை இறக்கி, மூடி, திரும்பக் கழற்றி உள்ளே போனால், மணையில் ஊறுகாய் ஜாடி இருந்தது. "காலியா இருக்கேன்னு வச்சேன்" என்றார் அத்தை. ஜீப் மறுபடியும் ஹாரன் அடித்தது. பேட்டரியைத் தரையிலேயே வைத்துவிட்டு ஓடினேன்.

மாசியில் திரும்பி வந்து அளந்தபோது 12.5 வோல்ட் காட்டியது. அத்தையிடம் காட்டினேன். மீட்டர் பழசு என்றார்.