"வண்டி எடுங்க" என்று கூப்பிட ஆளில்லாத தெரு

வாசல் கதவின் கைப்பிடியில் ஓர் அட்டை தொங்கும். உங்கள் தெருவில் புதிதாகத் தார் போடப்போகிறோம், இன்னின்ன தேதிகளில் காலை 7 மணி முதல் மாலை 5 மணி வரை தெருவில் வண்டி நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் உரிமையாளர் செலவில் இழுத்துச் செல்லப்படும். வேலூர்ப் பக்கத்திலிருந்து கலிஃபோர்னியாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு அந்தக் கடைசி வரி சுருக்கென்று தைக்கும். யாரும் கதவைத் தட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. அட்டையை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

கொசப்பேட்டையிலோ தோட்டப்பாளையத்திலோ தார் லாரி தெருமுனைக்கு வந்தால் முதலில் வருவது சத்தம்தான். "யாரு வண்டிங்க இது? எடுங்க!" டி.என். 23-க்கு அப்புறம் இருக்கும் எண்ணைப் படிப்பதற்குள் மாடியிலிருந்து ஓர் அக்கா, "அது பாய் வீட்டுப் பையனோடது, கடைக்குப் போயிருக்கான், இருங்க" என்று குரல் கொடுப்பார். சாவி கிடைக்காவிட்டால் நாலு பேர் சேர்ந்து பைக்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிடுவார்கள். அந்தச் சத்தம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் வேலூர் பார்த்திருக்கிறது. 2022 ஜூனில் காளிகாம்பாள் கோயில் தெருவில், நின்றிருந்த பைக்கை நகர்த்தாமலே ராவோடு ராவாக சிமென்ட் சாலை போட்டுவிட்டார்கள். விடிந்து பார்த்தால் சக்கரங்கள் சாலைக்குள். அந்தப் படம் நாடு முழுக்கச் சுற்றியது.

இங்கே அட்டை வருகிறது, ஆள் வருவதில்லை. ஆகவே அந்தக் குரல் கொடுக்கும் வேலையை நமக்கு நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

முதலில், அட்டையில் இருக்கும் தேதியை உத்தேசமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். சட்டப்படி கணக்கில் வருவது தெருவில் வைக்கிற பலகை. வண்டியை இழுக்க வேண்டுமானால் குறைந்தது 24 மணி நேரம் முன்பே பலகை வைத்திருக்க வேண்டும் என்கிறது கலிஃபோர்னியா சட்டம். 72 மணி நேரம் கேட்கும் நகரங்களும் உண்டு. மழை வந்தாலோ, குளிர் அதிகமானாலோ, கலவை லாரி தாமதமானாலோ தேதி மாறும். பழைய தேதியை அடித்துவிட்டு மார்க்கரில் புதிய தேதியை எழுதிவிடுவார்கள். அந்த வாரம் முழுக்கச் சாயங்காலம் ஒரு நடை போய்ப் பலகையைப் பார்த்துவிட்டு, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்காடும்படி ஆனால் அந்தப் படம்தான் சாட்சி.

வேலை ஒரே நாளில் முடியாது. பள்ளம் விழுந்த இடங்களை வெட்டி ஒட்டுவது ஒரு நாள், பழைய தாரைச் சுரண்டுவது ஒரு நாள், புதிய தார் ஒரு நாள், மேன்ஹோல் மூடியை உயர்த்துவது ஒரு நாள், கோடு போடுவது ஒரு நாள். நடுவில் வெறுமனே கிடக்கும் நாட்களும் உண்டு. மொத்தத்தில் சில வாரங்கள் இழுக்கும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பலகை வரும்.

கார் கராஜுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் சிக்கல். தெரு அடைபட்டால் உள்ளே இருக்கும் கார் மாலை வரை வெளியே வராது. அன்று வேலைக்கோ மருத்துவரிடமோ போக வேண்டுமானால் காலை 7 மணிக்கு முன்பே காரைப் பக்கத்துத் தெருவில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். மின்சாரக் கார் என்றால் முந்தின இரவே முழுதாகச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

பக்கத்துத் தெரு என்றால் எங்கே? ஊரில் இது ஒரு கேள்வியே இல்லை. சத்துவாச்சாரியில் எதிர்வீட்டு அண்ணனிடம் "உங்க வாசல்ல ரெண்டு நாள் வண்டி நிக்கட்டும்ணா" என்றால் முடிந்தது. வண்டி வெயிலில் நிற்கக் கூடாதென்று அவரே வேப்பமரத்தடிக்குத் தள்ளிவைப்பார். இங்கே அடுத்த தெருவில் யார் இருக்கிறார்கள் என்றே பலருக்குத் தெரிவதில்லை. மற்றதெல்லாம் சில மாதங்களில் பழகிவிடும்: குப்பைத் தொட்டியின் நிறம், குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் பின்னால் போகும் கடிகாரம், எல்லாமே. கேட்டு நிறுத்த ஒரு வாசல் இல்லாத குறை மட்டும் பழகுவதே இல்லை.

அதனால் இடத்தை முன்கூட்டியே நடந்து பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த தெருவும் அதே ஒப்பந்தத்தில் இருக்கலாம், மறுநாளே அங்கேயும் பலகை முளைக்கும். தீயணைப்புக் குழாய்க்கு 15 அடிக்குள் நிறுத்தக் கூடாது, ஓரத்தில் சிவப்பு பூசியிருந்தாலும் இல்லாவிட்டாலும். பாதசாரிக் கடவைக்கு முன்னால், வண்டிகள் வரும் பக்கம், 20 அடி விட வேண்டும். கோடே போடாத கடவைக்கும் இது பொருந்தும், 2025 முதல் அபராதம் உண்டு. தெரு கூட்டும் வண்டி வரும் நாள் எது, அங்கு குடியிருப்போருக்கு மட்டும் அனுமதியா என்பதையும் பாருங்கள். பல நகரங்களில் ஒரே இடத்தில் 72 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்ற வண்டியையும் இழுக்கலாம். வேலை நாலு நாள் நீண்டால் நடுவில் இடம் மாற்றிவிடுங்கள். கண்ணாடிக்குள் தெரியும்படி ஒரு தாளில் கைபேசி எண்ணை எழுதி வைப்பது நல்லது.

இன்னும் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தார் வேலை சூடான, மழையில்லாத மாதங்களில்தான் நடக்கும். நம் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையும் அதே மாதங்கள்தான். ஜூனில் சென்னையில் இறங்கி வேலூர் போய்ச் சேர்ந்து கோட்டை மைதானத்தில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும்போது, இங்கே தெருவில் விட்டுப்போன கார் இழுபட்டிருக்கும். கிளம்புமுன் காரைக் கராஜிலோ சொந்த வாசலிலோ ஏற்றிவிடுங்கள். இடமில்லையென்றால் நம்பகமான ஒருவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இனி வேலை. பெரிய உருளை எந்திரம் ஒன்று பழைய தாரை ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை சுரண்டி லாரியில் ஏற்றும். அம்மி கொத்தியது போலத் தெரு சொரசொரப்பாகிவிடும். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் படி விழுந்திருக்கும். தாழ்வான கார் என்றால் நேராக இறக்காமல் சற்றுச் சாய்வாக, மெதுவாக இறக்க வேண்டும். சுரண்டிய அளவுக்கே புதிய தாரை நிரப்புவதால் தெரு பழைய மட்டத்திலேயே நிற்கும்.

இதைப் பார்க்கும்போது ஊர் ஞாபகம் வராமல் போகாது. பழையதன் மேலேயே புதியதைப் போட்டுப் போட்டு, ஒரு காலத்தில் மூன்று படி ஏறிப் போன வீடுகள் தெருவைவிடத் தாழ்ந்து, ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நடுக்கூடம் வரை வரும் தெருக்கள் நம் பக்கம் எத்தனை! 2021 மே மாதத்தில் அன்றைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய சாலையைச் சுரண்டி எடுத்த பிறகே புதியது போட வேண்டும் என்று உத்தரவிட்டார். அது தெருவுக்குத் தெரு நடக்க வேண்டும் என்பதுதான் இங்கிருக்கிற நமக்கும் ஆசை.

சுரண்டிய தரையில் ஒட்டுவதற்காக ஒரு தார்ப்பால் தெளிப்பார்கள். முதலில் பழுப்பாக இருக்கும், காய்ந்தால் கறுக்கும். பழுப்பாக இருக்கும்போது மிதித்தால் செருப்போடு வீட்டுக்குள் வரும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவிடம் அன்றைக்குக் காலை நடை வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். மருத்துவமனைக்குக் கட்டாயம் போக வேண்டியவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் அட்டையிலுள்ள எண்ணுக்குச் சில நாள் முன்பே பேசினால் வழி செய்து தருவார்கள். கையிலோ செருப்பிலோ ஒட்டிய தாருக்குத் தேங்காய் எண்ணெயே போதும்: தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்து, பிறகு சோப்பு. கார்பெட்டில் பட்டால் முதலில் ஐஸ் கட்டி வைத்து இறுக வைத்துச் சுரண்டி எடுங்கள், தேய்த்தால் பரவும்.

புதிய கலவை சுமார் 150 டிகிரி செல்சியஸில் வந்து இறங்கும். அந்த வாசனை வந்ததும் மனம் ஊருக்குப் போய்விடும்: தெருவோரம் விறகு வைத்துக் காய்ச்சும் தார் டிரம், காலில் கோணி சுற்றிக்கொண்டு சித்திரை வெயிலில் ஜல்லி கொட்டும் பெண்கள். இங்கே உருளை ஓடி, சூடு ஏறக்குறைய 60 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அன்று மாலையே வண்டி விடுவார்கள். ஆனால் முதல் சில வாரம், வெயில் நேரத்தில், நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பாதீர்கள். டயர் தாரைத் திருகிக் கிழிக்கும். பைக்கின் சைடு ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகைத் துண்டு வையுங்கள்.

சுரண்டாமல் மெல்லிய கறுப்புக் குழம்பை மட்டும் பூசிச் செல்லும் தெருக்களும் உண்டு. அதற்கு விதி வேறு. நிழலையும் ஈரத்தையும் பொறுத்துக் காய நாலு முதல் எட்டு மணி நேரம் ஆகும், அதுவரை நடக்கவும் கூடாது. தோட்டத்துத் தண்ணீர்க் குழாயின் டைமரை முந்தின நாளே நிறுத்திவிடுங்கள். ஓரக் கால்வாயில் ஓடிவரும் தண்ணீர் பூச்சைக் கரைத்துவிடும்.

கார் காணாமல் போய்விட்டால் 911-ஐக் கூப்பிடாதீர்கள். காவல் துறையின் அவசரமல்லாத எண்ணுக்குப் பேசி, வண்டி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். இழுத்த வண்டியை வைத்திருக்கும் காப்பகத்தில் நாள் வாடகை ஏறும், ஆகவே அன்றே ஓட்டுநர் உரிமம், பதிவுச் சீட்டு, காப்பீட்டோடு போய் எடுத்துவிடுங்கள். பலகை உரிய நேரத்துக்கு முன்பே வைக்கப்படவில்லை என்றால், வண்டியை இழுத்து வைத்திருப்பதாக வரும் அறிவிப்பின் தேதியிலிருந்து 10 நாளுக்குள் விசாரணை கேட்கலாம். கேட்ட பிறகு, விடுமுறை நாட்கள் நீங்கலாக, 48 மணி நேரத்துக்குள் நடத்த வேண்டும். இழுத்தது தவறு என்று முடிவானால் செலவை இழுக்கச் சொன்ன துறையே ஏற்கும்.

தார் போட்டு முடிந்த சந்தோஷத்தில் மேன்ஹோல் நாளை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். புதிய தாரை வட்டமாக வெட்டி மூடியை உயர்த்தி, சுற்றிலும் கான்கிரீட் இடுவார்கள். அது இறுகும்வரை அதன் மேல் வண்டி ஏறக் கூடாது. அதற்கும் பலகை வரும். பக்கத்து வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் இருந்தால், அவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும், கதவைத் தட்டி நேரில் சொல்லிவிடுங்கள்.