வார்டு டைரி: 7ம் பெட் ஆச்சியோட கை

ஜூன் 3, நைட் டியூட்டி
ஆச்சிக்கு வயித்தால போயி ரத்தத்துல பொட்டாசியம் 2.8க்கு இறங்கிட்டு. 500 மில்லி சலைன்ல ஒரு ஆம்பூல் கேசிஎல், அதான் பொட்டாசியம் குளோரைடு மருந்து, போட்டு 4 மணி நேரம் ஓட்டணும்னு ஆர்டர். கேசிஎல்லை அப்படியே நரம்புல தள்ளுனா இதயமே நின்னுரும், அதனால பாட்டிலை நல்லா கவுத்துக் கவுத்துக் கலந்து, லேபிள் ஒட்டி, இன்னொரு சிஸ்டரையும் பாக்க வச்சுதான் மாட்டுனேன். ராத்திரி 2 மணி வாக்குல "எரியுதும்மா"ன்னாங்க. பொட்டாசியம்னா எரியத்தான செய்யும்னு சொட்டைக் குறைச்சுட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன், அரை மணி கழிச்சு வந்து தொட்டா புறங்கை சில்லுன்னு இருக்கு, வீங்கி வளையல் பதிஞ்சு கெடக்கு, மருந்து நரம்பை விட்டு வெளிய கசிஞ்சிருக்கு. சொட்டு மட்டும் நிக்காம விழுந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

ஜூன் 4
காலைல வரைக்கும் தூங்கல. டிரிப்பை நிறுத்தி, நரம்புல சொருகியிருந்த சின்னக் குழாயை, அதான் கேனுலாவை, எடுத்து, கையைத் தலகாணி மேல தூக்கி வச்சு, வீக்கத்தோட விளிம்பைப் பேனாவால கோடு போட்டு, டாக்டருக்கும் சொல்லி சார்ட்லயும் உள்ளது உள்ளபடி எழுதுனேன். அந்த லைன் மணிக்கட்டு மடக்குல இருந்துச்சு, மேல பிளாஸ்டர் சுத்தோ சுத்துன்னு சுத்தியிருந்தது, ஊசி இறங்குன இடமே கண்ணுக்குத் தெரியல! புது லைன் இடது முன்கைல, மடங்காத எடமா, நீல கலர் 22 சைஸ் கேனுலால போட்டேன்.

ஜூன் 6
ஸ்டூடண்ட் பிள்ளைங்களுக்கு அதே கையைக் காட்டுனேன். டிரான்ஸ்பரண்ட் டிரெஸ்ஸிங்தான் ஒட்டணும், அதுல தேதி நேரம் எழுதணும், மருந்து போடுறதுக்கு முன்னாடி ஹப்பை, அதான் கேனுலால மருந்து ஏத்துற வாயை, ஸ்பிரிட் பஞ்சால 15 எண்ணுற வரைக்கும் தேய்ச்சுக் காயவிடணும்னேன். 20 சொட்டு ஒரு மில்லி வர்ற டிரிப் செட்ல 500 மில்லி 4 மணி நேரத்துல போகணும்னா நிமிஷத்துக்கு 42 சொட்டு, வாட்சைப் பாத்து எண்ண வச்சேன். அப்பத்தான் தெரிஞ்சது, ஆச்சி பேரன் சீக்கிரம் முடியட்டும்னு சொட்டைக் கூட்டிக் குறைக்கிற ரோலரைத் திறந்து விட்டிருக்கான். உக்கார வச்சு, "தம்பி, இது வெறும் உப்புத்தண்ணி இல்லப்பா, வேகமாப் போனா ஆச்சி நெஞ்சுத்துடிப்பு தாறுமாறாயிரும்"னு சொன்னேன், மிரண்டு போயிட்டான் பாவம்.

ஜூன் 8
பொட்டாசியம் 3.9. வீக்கம் கோட்டுக்குள்ள வத்திடுச்சு, தோல் சுருங்கிக் கெடக்கு. கேனுலாவை எடுத்து பஞ்சை அமுத்திப் பிடிச்சிருந்தேன், ஆச்சி இன்னொரு கையால வளையலைச் சுத்திப் பாத்து "கழலுது தாயி"ன்னாங்க.