மலை ஊரில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு: ஆளும் பிழைப்பும்

சத்தியமங்கலம் மலையில் இருக்கும் சோளகர், இருளர் என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள் பலவற்றுக்குத் தனி மக்கள்தொகை எண் கிடைக்காது. 2011 கணக்கெடுப்பு வருவாய்க் கிராம அளவில்தான் எண் தருகிறது. உள்ளே இருக்கும் சிற்றூர்கள் அதில் கலந்துவிடும். முப்பது, நாற்பது வீட்டு ஊர் எதையாவது கேட்டு மனு எழுத வேண்டுமென்றால், கணக்கை நாமேதான் எடுக்க வேண்டும்.

முதலில் ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, தரையில் கோலமாவால் ஊர்ப் படம் வரைந்து, வீட்டுக்கு ஒரு எண் கொடுத்துவிடுவோம். பூட்டிய வீட்டுக்கும் எண் உண்டு. கரும்பு வெட்டப் போன குடும்பம் பெரும்பாலும் அங்கேதான் விடுபடும். குடும்பத்தை அடுப்பை வைத்து எண்ணுங்கள், கூரையை வைத்து வேண்டாம். ஒரே தொகுப்பு வீட்டில் மகன் தனி அடுப்பு மூட்டினால் இரண்டு குடும்பம். இதைத் தவறவிட்டால், தனி ரேஷன் அட்டை இல்லாத மகன் குடும்பம் கணக்கிலேயே இருக்காது.

வயதுக்கு ஆதாரை மட்டும் நம்ப முடியாது. ஆண்டை மட்டும் குத்துமதிப்பாகச் சொன்னவர்களுக்கு ஜனவரி 1 என்றே பதிவாகியிருக்கும். இளையவர்களுக்கு, கன்னட நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்தியபோது (2000) நடந்தாயா, தவழ்ந்தாயா என்று அம்மாவை வைத்துக்கொண்டு கேட்போம். மூத்தவர்களுக்கு எம்.ஜி.ஆர். இறந்த ஆண்டு (1987): அப்போது கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளை? முதியோர் உதவித்தொகைக்கு இந்த வயதுதான் முக்கியம் என்பதால் இங்கே அவசரம் கூடாது.

பிழைப்புதான் கடினம். ‘தொழில்’ என்று ஒரே கட்டம் வைத்தால் எல்லோரும் ‘கூலி’ என்பார்கள், பெண்கள் ‘வீட்டில்தான்’ என்பார்கள். அரசுக் கணக்கிலும் ஆறு மாதம் வேலை செய்தவரே முதன்மை உழைப்பாளர். துண்டு துண்டாக நாலைந்து வேலை செய்பவரின் ஆண்டு அதற்குள் அடங்காது. அதனால் வளர்ந்த ஒவ்வொருவருக்கும் தை முதல் மார்கழி வரை பன்னிரண்டு கட்டம் போடுகிறோம். ‘வேலை செய்கிறீர்களா?’ என்று கேட்பதில்லை. ‘மாசியில் காட்டுக்குள்ளே எதுக்குப் போனீங்கம்மா?’ என்று கேட்டால் சீமாறு (துடைப்பப் புல்), நெல்லி, கடுக்காய் எல்லாம் வரிசையாக வரும். ராகிக் காட்டில் யானைக்காகப் பரண் மேல் விழித்திருக்கும் இரவுகளையும் உழைப்பாகவே எழுதுங்கள். விதைத்த நிலம், வீடு வந்த மூட்டை இரண்டையும் குறித்தால்தான் யானையும் பன்றியும் தின்றது தெரியும். விற்றது தனி, சாப்பாட்டுக்கு வைத்தது தனி.

அளவில் கவனம். 750 மில்லி பாட்டில் தேனை முக்கால் கிலோ என்று எழுதிவிடுகிறார்கள். தேன் தண்ணீரைவிடக் கனம், அந்தப் பாட்டில் ஒரு கிலோவுக்குச் சற்று மேலேயே வரும். கடுக்காய் பச்சையா, காய்ந்ததா என்று குறிக்காவிட்டால் எடை வீண். சீமாறுக் கட்டின் பருமன் கட்டுகிறவர் கையைப் பொறுத்து மாறும், தொங்கு தராசில் சிலவற்றை நிறுத்தே சராசரி எடுங்கள்.

பகலில் ஊரில் ஆள் இருக்காது. விடியலில் அல்லது பொழுது சாய்ந்த பிறகு போங்கள். முடிந்ததும் ஊர்க்கூட்டத்தில் வீட்டுவாரியாக உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், விடுபட்ட பெயர்கள் அங்கேதான் கிடைக்கும். வருமானத்தை மட்டும் கூட்டத்தில் படிக்காதீர்கள். மாதக் கட்டங்களைத் தொகுத்தால், 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் சிறு வன மகசூலுக்கான (சீமாறு, கடுக்காய், தேன் போன்றவை) சமூக உரிமை கேட்கும் ‘பி’ படிவத்துடன் இணைக்கலாம். அசல் தாள்கள் ஊரிலேயே இருக்கட்டும், நகலை மட்டும் கொண்டு வாருங்கள்.