ஜென்சன் இன்டர்செப்டரை ஏலத்தில் எடுத்த அனுபவம்

இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச் நகரில் 1966 முதல் 1976 வரை தயாரான ஜென்சன் இன்டர்செப்டர் மீது எனக்கு நெடுநாள் ஆசை. இத்தாலியின் டூரிங் நிறுவனம் வடிவமைத்த உடல், அமெரிக்கக் கிரைஸ்லரின் வி8 எஞ்சின், பின்புறத்தை முழுவதுமாக மூடும் வளைந்த கண்ணாடிக் கதவு ஆகிய மூன்றும் இவ்வளவு அழகாகப் பொருந்திய வேறொரு காரை நான் பார்த்ததில்லை. நான் பக்கத்திலுள்ள பர்மிங்காமில் வசிப்பதால், 1974ஆம் ஆண்டின் 7.2 லிட்டர் மார்க் 3 ஒன்று ஏலத்துக்கு வருவதாக அறிந்ததும், பார்வை நாள் இரண்டிலும் நேரில் போவதென்று முடிவு செய்தேன்.

போவதற்கு முன்பே அதன் எம்ஓடி (வண்டி சாலைக்குத் தகுதியானதா என்று பார்க்கும் ஆண்டுச் சோதனை) பதிவுகளை அரசு இணையதளத்தில் பார்த்துவிட்டேன். நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2018 மே முதல் அந்தச் சோதனை கட்டாயமில்லை. ஆகவே கடைசிச் சோதனை 2017இல் நடந்திருந்தது. பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பொருத்தப்படும் இடத்தில் துரு இருப்பதாக அதில் ஒரு குறிப்பு. இந்தக் கார்களின் உயிரை எடுப்பது துருதான் என்பதால், அந்த ஒற்றை வரி என்னை இரண்டு நாள் உறங்கவிடவில்லை.

முதல் நாள் பானட் மீது கை வைத்தபோதே சூடாக இருந்தது. பார்வையாளர் வருமுன் எஞ்சினை ஓட்டி வைத்திருந்தார்கள். அதில் தவறில்லை, ஆனால் குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. மறுநாள் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்ப் பணியாளரிடம் கேட்டேன். மறுக்காமல் கிளப்பிக் காட்டினார். மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தத்தைக் கதவுக்குக் கீழுள்ள விளிம்பு நெடுகிலும், சக்கர வளைவுகளிலும் ஒட்டிப் பார்த்தேன். இடப்பக்கப் பின்சக்கரத்தின் மேலே ஒரு கையகலத்துக்குப் பிடிக்கவில்லை. பெயிண்டுக்கு அடியில் பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம். பின்கண்ணாடிக் கதவின் ரப்பர் வழியே நீர் இறங்கியிருக்கிறதா என்று கம்பளத்தைத் தூக்கி முகர்ந்தேன், காய்ந்திருந்தது.

காரைவிட அதன் கோப்பிலேதான் அதிக நேரம் செலவிட்டேன். வி5சி பதிவுப் புத்தகம் உரிமைக்குச் சான்றாகாது. எனினும் அதிலுள்ள சேசிஸ் எண் காரிலுள்ள தகட்டோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் ஏலம் கேட்கக் கூடாது. ரசீதுகளைப் புரட்டியபோது, 2018 தேதியிட்ட வெல்டிங் ரசீதும், ஸ்பிரிங் இருக்குமிடத்தை வெட்டிப் புதுத் தகடு வைத்ததைக் காட்டும் புகைப்படங்களும் கிடைத்தன. எனக்கு மனம் நிலைகொண்டது அப்போதுதான்.

கையிலிருந்த 38,000 பவுண்டிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டேன். ஏல விலையின் மேல் 12.5 சதவீதம் வாங்குபவர் கட்டணம், அந்தக் கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட். ஆகவே 33,000க்கு மேல் கையை உயர்த்துவதில்லை என்று, ஏலம் கேட்கும்போது உயர்த்திக் காட்டும் எண் அட்டையின் பின்புறம் எழுதிக்கொண்டேன். அடையாளச் சான்றும் முன்பணமும் கொடுத்துத்தான் அந்த அட்டையைப் பெற முடியும்.

ஏலம் 24,000இல் தொடங்கியது. 28,000க்குப் பிறகு எஞ்சியவர்கள் நானும் தொலைபேசியில் ஒருவரும்தான். அவர் 31,000 சொன்னார், நான் 32,000. தொலைபேசியைப் பிடித்திருந்த பெண் தலையை இடவலமாக ஆட்ட, சுத்தியல் விழுந்தது. அந்த ஒலியோடு ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது. பிறகு பின்வாங்க வழியில்லை. மொத்தம் 36,800 பவுண்டு ஆனது. மிச்சமிருந்த 1,200 அந்தப் பட்டி பூசிய இடத்துக்கு என்று ஒதுக்கினேன்.

அன்று மாலையே, மதிப்பை முன்கூட்டி ஒப்புக்கொள்ளும் வகைக் காப்பீட்டை எடுத்தேன். பழைய வாகனப் பிரிவில் சாலை வரி ஏதும் இல்லை என்றாலும், முந்தையவரின் வரிப்பதிவு நமக்கு மாறாது. வி5சியின் பச்சைத் துண்டிலுள்ள எண்ணைக் கொண்டு புதிதாகப் பதிந்தாக வேண்டும். அதை முடித்த பின்னும் நான் ஓட்டி வரவில்லை. பிரேக் குழாய்களின் வயது தெரியாததால் டிரெய்லரில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.