கொஜிராவின் ‘ஸ்ட்ராண்டட்’: வாமி பெடல் வழிக்கு வந்தது

பிரெஞ்சு மெட்டல் குழுவான கொஜிராவின் ‘மாக்மா’ ஆல்பத்தில் வரும் ‘ஸ்ட்ராண்டட்’ பாட்டின் கிட்டார் ரிஃபில் (திரும்பத் திரும்ப வரும் வரி) கேட்கும் அந்தக் கீச்சொலி ஒருவழியாகச் சரியான இடத்தில் விழுகிறது. டியூனிங் டி ஸ்டாண்டர்ட் (எல்லாக் கம்பியும் வழக்கத்தைவிட ஒரு முழு ஸ்வரம் கீழே), கம்பி 10–52 செட் (எண்கள் கம்பியின் தடிமன்). 9 செட்டில் அடிக்கம்பி தொளதொளத்து, ஓங்கி அடித்தால் சுருதி விலகுகிறது.

தலைவலி முழுக்க டிஜிடெக் வாமிதான், காலால் அழுத்திச் சுருதியை ஏற்றி இறக்கும் பெடல். அதை ஒலியை முரடாக்கும் டிஸ்டார்ஷன் பெடலுக்கு முன்னால் போடுங்கள். பின்னால் போட்டால் சுருதியைப் பிடிக்கத் திணறிக் கரகரக்கும். ஐந்தாம் பதிப்பில் கிளாசிக், கார்ட்ஸ் (பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்க) என இரண்டு நிலைகள். கார்ட்ஸ் சுத்தமாக ஒலிக்கும், இந்தப் பாட்டுக்கு அந்தச் சுத்தமே கேடு. கிளாசிக்கில் ஒரே ஒரு ஸ்வரம்தான் உள்ளே போகவேண்டும், மற்ற கம்பிகளை இடது கையால் அடக்கியே தீரவேண்டும்.

அடுத்தது கால். மெதுவாக அழுத்தினால் சைரன் மாதிரி இழுக்கிறது. குதிகால் முழுசாக இறங்காவிட்டால் அடுத்த பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அடக்கி அடிப்பது) சுருதி ஏறியே நிற்கும். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) வேகத்தைக் குறைத்துப் பழகும்போதும் காலை மட்டும் முழு வேகத்தில் தட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த இழுவையே பழகிப்போகும்.

பழைய பெடல் வாங்குவோர் அடாப்டரோடு வாங்குங்கள். ஐந்தாம் பதிப்புக்கு 9 வோல்ட் டிசி வேண்டும், அதோடு வரும் அடாப்டர் 1.3 ஆம்ப். 100 மில்லி ஆம்ப் துளைகள் உள்ள பவர் சப்ளை உதவாது. நான்காம் பதிப்புக்கு 9 வோல்ட் ஏசி. கடைக்காரர்களே இதைக் குழப்புகிறார்கள்.

‘மாக்மா’ சுலபமான ஆல்பம் என்பவர்கள் அதை வாசித்துப் பார்த்ததில்லை. 2005-இல் வந்த அவர்களின் ‘ஃப்ரம் மார்ஸ் டு சிரியஸ்’ ஒரு மணி நேரத்தைத் தாண்டும்; 2016-இல் வந்த ‘மாக்மா’ சுமார் 44 நிமிடம். பாடகரும் கிட்டார்காரருமான ஜோ டுப்ளாந்தியே கத்தலைக் குறைத்து நிறையப் பாடியிருக்கிறார், ரிஃப்களும் இளைத்துவிட்டன. முந்தைய ஆல்பங்களில் அவர் தம்பி மரியோவின் இரட்டைப் பேஸ் டிரம் நம் பிசிறுகளை மூடிவிடும். இங்கே ஒவ்வொன்றும் அம்மணமாகக் கேட்கும்.

இரண்டாம் சரணத்துக்குப் பின் வரும் பகுதி இன்னும் பாக்கி. ஆனால் கை அதற்குள் அதே ஆல்பத்தின் ‘சில்வெரா’ பாட்டில் வரும் டாப்பிங்குக்கு (வலது கை விரலாலும் ஃப்ரெட்டில் தட்டி வாசிப்பது) தாவிவிட்டது. அதற்கு மற்ற கம்பிகள் அதிராமலிருக்க, முதல் ஃப்ரெட் பக்கம் கம்பிகளைச் சுற்றக் கூந்தல் பட்டை போதும். பிறகு 2012 ஆல்பத்தின் ‘எக்ஸ்ப்ளோசியா’. அதில் கம்பி நெடுகப் பிக்கை இழுக்கும் அந்த உரசலுக்குக் கம்பி புதிதாக இருக்கவேண்டும். அழுக்கேறிய கம்பியில் வெறும் ‘சர்ர்’தான் வரும். 11–54 செட் கிடைத்தால் அதிலேயே தொடங்கலாம், நட்டின் (கழுத்து முனையில் கம்பியைத் தாங்கும் கட்டை) பள்ளத்தை மட்டும் கொஞ்சம் அகலப்படுத்தவேண்டியிருக்கும்.